ஒரு கிண்ணம் வயல் மண்

உச்சி வெயில் கூரையின் ஓலை இடுக்கில் இறங்கிக் கண்ணையன் நெஞ்சில் விழுகிறது. ஐந்து நாளாக அவர் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. மண்ணாசை தீர்ந்தால் போய்விடுமாம். தம்பி பலராமன் பாகூர் வயலின் மண்ணைக் கிண்ணத்தில் கரைத்து, வாயில் ஊற்றக் குனிகிறான். நனைத்த துணியால் கணவரின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் தையலம்மாள் அவன் கையைத் தடுக்கிறாள். "கஞ்சித் தண்ணியே தொண்டையில எறங்கல, சேத்தக் கரைச்சி ஊத்துறியா?" "ஊரு வழக்கம் அண்ணி." "பத்திரம் எழுதுற நோத்தேர்கிட்ட அவர இட்டுனு போயி அந்த வயல உன் பேருக்கு எழுதி வாங்கினியே, அன்னிக்கித் தெரியலயா அவரு ஆச? எட்டப் போபா." பலராமன் கிண்ணத்தோடு நிற்கிறான், மண் அடியில் தங்கி, தண்ணீர் தெளிகிறது. கண்ணையனின் வாய் ஈரத்துணியின் நுனியைக் கவ்விச் சப்புகிறது. அவள் மெல்ல இழுத்துப் பார்க்கிறாள். அது விடுவதாயில்லை.