வெடிக்கு விழிக்காத பிள்ளை

சங்கு ஊதி அடங்கியது. அடுத்த மூச்சில் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வெடித்தது. தட்டில் கவிழ்த்திருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன, ஓட்டிலிருந்து பொடி உதிர்ந்தது, வாசலில் கிடந்த நாய் எழுந்து ஓடியது. தூளிக்குள் பிள்ளை மட்டும் அசையவில்லை.

கலைமணி ஸ்டாப் வாட்சை அமுக்கிவிட்டுத் தூளியை விலக்கினாள். பிள்ளையின் தாய் ஜோதி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"மூச்சு இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுக்கா. தூக்கத்துல சிரிக்கிறான், பாருங்க."

வேப்பந்தட்டைத் தாய்வீட்டிலிருந்து மூன்று மாதக் கைக்குழந்தையோடு அரியலூர்ப் பக்கத்து இந்தக் குவாரி ஊருக்கு ஜோதி வந்து இன்றோடு மூன்று நாள். மூன்று நாளும் மதிய வெடிக்கு இதே சிரிப்புத்தான். யாரோ வாசலில் வந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

"காது கேக்கலையோ என்னமோ..."

கலைமணி ஒரு கரண்டியை எடுத்துத் தரையில் லேசாகத் தட்டினாள். பிள்ளை விலுக்கென்று உதறிக்கொண்டு வீறிட்டது.

"ஏம்மா படிச்ச பொண்ணு, தூங்குற புள்ளைய எழுப்பிவுட்டாத்தான் உனக்குப் பாஸ் போடுவாங்களா?" அடுப்படியிலிருந்து மாமியார் ஆண்டாயியின் குரல் வந்தது. தெருவில் யார் பிள்ளை பெற்றாலும் சுக்கும் திப்பிலியும் இடித்துப் பிரசவ மருந்து கிண்டிக் கொடுக்கிற கை அவளுடையது. பேரனுக்கு அரைஞாண்கொடியோடு வேப்பந்தட்டை வந்தவள், ஜோதிக்கு ஒரு உருண்டை மருந்துகூடக் கொண்டுவரவில்லை. தன்மேல் அவ்வளவு வெறுப்பு என்று ஜோதி நினைத்துக்கொண்டாள்.

கலைமணி சிரித்தபடி 2003-ம் வருட டைரியைப் புரட்டினாள். திருச்சிக் கல்லூரியில் குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்கிறவள் அவள்.

"முப்பத்தோரு புள்ளைங்களப் பாத்துட்டேன்கா. இங்கயே இருந்து சுமந்தவங்க புள்ளைங்க வெடிக்கு முழிக்கிறதில்ல. வெளியூர்ல சுமந்துட்டு வந்தவங்க புள்ளைங்க தூக்கிவாரிப்போட்டு அழுவுது. வயித்துக்குள்ளயே கேட்டுப் பழகின சத்தம். அம்மா குரல் மாதிரி அதுவும் மனசுல நின்னுடும். நீங்க எப்பத் தாய்வூட்டுக்குப் போனீங்க?"

"மூணாம் மாசமே. படுத்தே கெடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

"மூணாம் மாசம் புள்ளைக்குக் காதே கேக்காதே!"

ஜோதியின் கண் தன்னால் வாசலுக்குப் போயிற்று. வெயிலில் கல்தூசி நின்று சுழன்றது. தலையில் சாக்குத் துணியோடு ஒருத்தி நிற்கிறாள் என்றே தோன்றியது.

வேம்பு. வலி காணும் வாரம் வரைக்கும் இந்தக் குவாரியில் கல் உடைத்தவள். புருஷனை இழந்தவள், தாயைத் தேடி வேப்பந்தட்டை வந்து, பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். அப்போதும் அவள் வகிட்டில் தூசி வெள்ளையாக இருந்தது.

அவள் தாய்தான் பிள்ளையைக் கொண்டுவந்து ஜோதி மடியில் போட்டாள். ஜோதியின் வயிற்றிலிருந்தது நாலாம் மாதமே கலைந்துபோயிருந்தது. "இந்தத் தடவையும் தங்கலைன்னா எம் மவனுக்கு வேற பொண்ணு பாப்பேன்" என்று ஆண்டாயி சொல்லி அனுப்பியிருந்ததால், ஜோதி வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வேம்புவின் தாய்க்கும் ஜோதியின் அம்மாவுக்கும் புருஷன் பஞ்சநாதனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"ஒண்ணு நான் எழுதினது தப்பு, இல்ல நீங்க மாசத்த மறந்துட்டீங்க" என்றாள் கலைமணி. "பரவால்லக்கா. நாளைக்கு வேப்பந்தட்டை போறேன். ஊர் நர்சம்மா ரிஜிஸ்டர்ல மாசாமாசம் எழுதியிருப்பாங்க, பாத்துக்கறேன்."

அந்த ரிஜிஸ்டரில் நாலாம் மாதத்தோடு தன் பெயர் நின்றுவிட்டது ஜோதிக்குத் தெரியும்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஆண்டாயி வெளியே வந்தாள். "என்ன பஞ்சாயத்து இங்க?"

"ஒண்ணுமில்லங்கம்மா. வயித்துல இருக்கையில இந்த வெடிச் சத்தத்தக் கேட்டவனாட்டம் இருக்கான் உங்க பேரன். அக்கா என்னடான்னா வேப்பந்தட்டையிலயே இருந்தேங்கறாங்க. அதான் இடிக்குது."

முடிந்தது என்று ஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். பாவம், இனி இந்த வீட்டில் தனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது என்று நினைத்தாள்.

ஆண்டாயி மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அழுகிற பிள்ளையைத் தூளியிலிருந்து வாரித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்.

"அவ கெடக்குறா, தூக்கமில்லாம ஒளறுறா. எழுதிக்க கண்ணு, பத்து மாசமும் இவ இந்த வூட்டுலதான் இருந்தா."