கொளுத்தாத வேட்டு

"பெரியாத்தாளைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயிருவோமாண்ணே? பள்ளிக்கூடம் இங்கனதானே இருக்கு. ஒரு ஓட்டுன்னாலும் ஓட்டுதானே?"

கேட்டுக்கொண்டே சங்கிலிமுத்து அறைக் கதவில் கை வைத்துவிட்டான். வேலுச்சாமி பாய்ந்து வந்து கதவுக்குக் குறுக்கே நின்றான்.

"வேண்டாம்லே. அம்மாவுக்கு ராத்திரி பூரா காய்ச்சல். காலையிலதான் கண் அசந்தாக. தொந்தரவு பண்ணாத."

"அஞ்சு மணிக்குப் பெட்டியை மூடிருவாகண்ணே."

"நம்ம தெருவுல மத்த ஆளுக போட்டாச்சான்னு அதப் பாரு. போ."

சங்கிலிமுத்து பங்காளி வீட்டுத் தம்பி. பாவம், காலையிலிருந்து சைக்கிளை மிதித்து மிதித்து வடக்குத் தெரு சனத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தான். மறுபடியும் சைக்கிளில் ஏறினான்.

ஆமத்தூருக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு இரண்டே பேர்தான் போட்டி. ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி. வேலுச்சாமிக்கு மஞ்சள் பெட்டி. தெற்குத் தெரு சீனிச்சாமிக்குப் பச்சைப் பெட்டி. சீனிச்சாமி ஒன்றும் அந்நியன் இல்லை. வேலுச்சாமிக்குத் தாய்மாமன் மகன். போதாக்குறைக்கு வேலுச்சாமியின் மனைவி முருகம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். சொந்தத்துக்குள் வந்த போட்டி, வீம்புக்குக் கேட்கவா வேண்டும்?

போன தடவை தலைவராக இருந்த சீனிச்சாமி தெற்குத் தெருவில் கிணறு வெட்டிக்கொண்டான். வடக்குத் தெருப் பெண்கள் இன்னும் ஓடையில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் சுமக்கிறார்கள். வேலுச்சாமியின் அம்மா ஆவுடைத்தாய் குடத்தோடு விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டதும் அந்த ஓடைக்கரையில்தான். அன்றிலிருந்து படுக்கை. "நீ ஜெயிச்சு வந்து நம்ம தெருவுக்கு ஒரு கெணறு வெட்டுடா" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

வடக்குத் தெரு முழுக்கப் பங்காளிகள். ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்து போட்டால் கிணறு. நாலு வீடு தவறினாலும் போச்சு.

அறைக்குள்ளிருந்து முருகம்மாள் வந்தாள். சேலைத் தலைப்பை வாயில் பொத்தியிருந்தாள். விடியக்காலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனவள் வெறுங்குடத்தோடு திரும்பியிருந்தாள். அடுப்புகூடப் பற்ற வைக்கவில்லை. அண்ணனா புருசனா என்று இரண்டு மாதமாக அழுது தீர்த்தவள்தான். இன்றைக்கு அந்த அழுகையும் இல்லை.

"எனக்கு ஈரக்குலை நடுங்குதுங்க. இந்தத் தலைவர் வேலை நமக்கு வேணுமா?"

"அம்மா ஆசைப்பட்டதுதானே முருகம்மா. பெட்டியை மூடுற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

"நீங்களும் ஒரு மனுசனா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். வேலுச்சாமி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

பொழுது அடையும் நேரத்தில் சங்கிலிமுத்து வந்தான். சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தான்.

"போச்சுண்ணே."

"நம்ம ஆளுக வரலியா?"

"ஒரு ஆள் பாக்கியில்லாம வந்தாக. வந்து என்னத்துக்கு? மஞ்சப் பெட்டியைத் தொறந்தா நம்ம தெரு ஓட்டே பாதிதான் இருக்கு. நம்ம பங்காளியளே பச்சையில போட்டுட்டாக."

இந்தப் பாவிகளுக்காகவா இன்றைக்கு இவ்வளவு பாடு? கிணறும் போச்சு, மானமும் போச்சு. இனி வேலுச்சாமி அம்மா முகத்தில் எப்படி விழிப்பான்? இந்த மண்ணில் தனக்கென்று ஒரு நாதியும் இல்லை என்று தோன்றியது.

"உங்க மச்சான் சிவகாசியில இருந்து வண்டி நிறைய வேட்டு இறக்கியிருக்காரு. ஒண்ணைக்கூட இன்னும் கொளுத்தல" என்றான் சங்கிலிமுத்து தயங்கிக்கொண்டு.

"ஏன்?"

"நம்ம வாசல்ல வச்சுக் கொளுத்தத்தான். கூட்டமா இங்கனதான் வாராக. கொட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு வாராக."

சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தெரிந்தது. வேலுச்சாமி எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். தெற்குத் தெருவே திரண்டு வந்தது. கொட்டுச் சத்தம் இல்லை, வாழ்க கோஷம் இல்லை. முன்னால் சீனிச்சாமி. அவன் கழுத்தில் மாலையைக் காணோம். கையிலிருந்த தாம்பாளத்தில்தான் ஒரு மாலை இருந்தது. அதற்கடியில் ஏதோ மடித்த துணி.

"மச்சான், ஜெயிச்சுட்டீக. சந்தோசம்" என்றான் வேலுச்சாமி. "கூத்தெல்லாம் உங்க தெருவோட வச்சுக்கோங்க. தோத்தவன் வாசல்ல வந்து அசிங்கப்படுத்தாதீக."

சீனிச்சாமி மாலையை ஓரமாக நகர்த்தினான். அடியில் இருந்தது ஒரு புதுச் சேலை.

"எங்க அத்தை மேல போத்துறதுக்குப் பொறந்த வீட்டுக் கோடி மாப்ளே. விடியக்காலம் உங்கம்மா உசிரு போனதை முருகம்மா அப்பவே ஓடைக்கரையில வச்சு எங்கிட்டச் சொல்லிட்டா. வெளிய தெரிஞ்சா உன் பங்காளி ஒருத்தனும் துட்டி வீட்டை விட்டு ஓட்டுப் போட வரமாட்டான். அத்தை சாவுல ஜெயிச்சேன்னு எனக்குப் பேரு வேண்டாம்னுதான் நானும் வாயைத் தொறக்கல. வேட்டும் அவுகளத் தூக்கையில கொளுத்தத்தான் வச்சிருக்கேன். வழிய விடு."

வேலுச்சாமி விலகிக்கொண்டான். பகல் பூராவும் வாயில் அடைத்திருந்த சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு, முருகம்மாள் உள்ளே முதல் ஒப்பாரியைத் தொடங்கினாள்.