பிரிண்ட் வரலை, சார்

“சார், மறுபடியும் பிரிண்ட் வரலை.”

போனில் பேசியது, பில் போடும் பெண்மணி. இந்த வாரம் முழுக்க இதே பல்லவிதான். கம்ப்யூட்டர்காரர் பெருமூச்சு விட்டபடி மாடியிலிருந்து இறங்கினார்.

பில் போடும் சாஃப்ட்வேர் ஆதிகாலத்தது. யார் பில் போட்டாலும் நெட்வொர்க் வழியாக அவளுடைய கம்ப்யூட்டரில் மாட்டிய பிரிண்டருக்குத்தான் வந்தாக வேண்டும். அது மக்கர் செய்தால் மொத்த ஆபீஸும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

“எல்லார் ஸ்கிரீன்லயும் பிரிண்டர் இல்லைன்னு வருது. இந்தக் கிழட்டு சாஃப்ட்வேரைத் தலைமுழுகிட்டுப் புதுசு வாங்கிடலாமே?” என்றார் மேனேஜர் எரிச்சலாக.

“வேண்டாம் சார், நான் பார்த்துக்கறேன்.”

பிரிண்டருக்குப் போகாமல் அவள் கம்ப்யூட்டரில் சிக்கி நின்ற பில்களை அழித்தார். பிரிண்டருக்குப் பின்னால் குனிந்து எதையோ அழுத்தினார். கரகரவென்று பில் வந்தது. மேனேஜர் நகர்ந்தார்.

“கேபிள் தானா கழண்டுக்காது, மேடம்.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான்தான் கழட்டறேன். வீட்டுல ஒரு வாரமா வாயே திறக்க மாட்டேங்கறீங்க. இங்க வந்தாலாவது என்ன பிரச்சினைன்னு கேக்கறீங்களே.”

அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

“முதல் நாளே தெரியும். கேபிளோட ரெண்டு பக்கமும் திருகு இருக்கு. முடுக்கிட்டா நீ இழுத்தாலும் வராது.”

“அப்புறம் ஏன் முடுக்கல?”

ஸ்க்ரூ டிரைவரை மறுபடியும் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“எனக்கும் உன்கிட்ட வர்றதுக்கு வேற சாக்கு கிடைக்கல.”