கோமளாவின் வகுப்புத் தோழர்

"செத்துப் போச்சுன்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சார். மருந்துக்கு நுவரெலியாவுக்குக் கொண்டு போயிருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பிரேமினி குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். கூண்டை எடுத்துப்போக வந்த ஆய்வாளர் யோகேஸ்வரன் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் ஆராய்ச்சிக்காகப் பிரேமினியிடம் பழக்கக் கொடுத்திருந்த கிளி கோமளா போன வாரம்தான் கண்ணை மூடியிருந்தது.

ராகலைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளை முன்பு பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பராவில் நடந்த அந்த வகுப்பே ஒரு கூத்து. நிறங்களைச் சொல்லும் பாடம் கிளிக்கு ஏறப் பக்கத்தில் ஒரு போட்டி மாணவர் வேண்டுமாம். வேறு ஆள் கிடைக்காமல், பாரிசவாதத்தில் பேச்சிழந்த தன் அப்பா மாயாண்டியையே உட்கார வைத்தாள் பிரேமினி. கிளிக்குக் கொண்டாட்டம்தான். சரியாகச் சொன்னால் கிடைக்கும் பிஸ்கட்டையெல்லாம் அதுவே தின்றது.

ஒருநாள் மாயாண்டிக்குப் பொறுக்கவில்லை. பிரேமினி சிவப்புச் சாவியைக் காட்டியதும் கிளியை முந்திக்கொண்டு, "செ... செவப்பு!" என்று கத்தினார். வரிசை வீடுகளிலிருந்து லயமே திரண்டு வந்து கூடிவிட்டது. அப்புறம் நீலம் வந்தது, பச்சை வந்தது.

"இப்ப பேசுறாரா?" என்றார் யோகேஸ்வரன்.

"எங்க சார்! சாவியக் காட்டுனாலே மொகத்தத் திருப்பிக்கிறாரு. கிளியோட அவரு பேச்சும் போயிருமோன்னு பயமா இருக்கு. கூண்டையாச்சும் விட்டுட்டுப் போங்க. அது வரும்னு நம்பிக்கிட்டு இருக்கட்டும்."

"எத்தன நாளைக்கு இப்படிப் பொய் சொல்லுவீங்க, பிரேமினி?"

கொய்யா மரத்தடியில் கிளியைப் புதைத்ததிலிருந்து அப்பா முன்னால் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. துக்கத்தைவிட அவளுக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது.

உள்ளே, மூடிய கூண்டின் பக்கத்தில் மாயாண்டி உட்கார்ந்திருந்தார். பிரேமினி சிரித்த முகத்தோடு போனாள்.

"கோமளா தேறிக்கிட்டு வருதாம்ப்பா. சார் பாத்துட்டு வந்துதான் சொல்றாரு."

யோகேஸ்வரன் தலையை ஆட்டிவைத்தார். அவள் சாவியை எடுத்தாள்.

"எங்க, சொல்லுங்க. இது என்ன நெறம்?"

மாயாண்டி சாவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மெல்ல எழுந்த இடது கை அவள் தலையில் வந்து நின்றது. வாய் கோணிக்கோணி, எந்தப் பாடத்திலும் இல்லாத வார்த்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"பிரே...மினி. கோமளா... செத்துருச்சு. தெரியும். சாவிய எடுத்தாலே... வெளிய போயி... அழுவுற. அதான்... நா பேசல."