கணுவுக்கு மேலே

கவிழ்த்த தொட்டியின் மேல் இன்றைக்கும் பச்சைத் துளிர்கள் குவிந்திருந்தன.

அவர் அவற்றை அள்ளிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். தோட்டப் போட்டியின் நடுவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

கோட்டும் பச்சைதான். மலர் மன்றத் தலைவருக்கு ஒரு கோட்டு வேண்டும் என்று அவரே தீர்மானம் கொண்டுவந்து, அவரே கைதட்டி, அவரே அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டது.

குன்னூர்ச் சரிவில் வீடு. தோட்டம் முழுக்க ஃபூசியா. பூ ஜிமிக்கி மாதிரி தொங்கும். ஆனால் இந்தச் செடிகளுக்கு இலைதான் நகை. பொன் விளிம்பு, சிவந்த நரம்பு, பால் தெறித்த வெள்ளை.

எல்லாம் அவர் மனைவி இந்திராணி வைத்தவை.

வண்ண இலைகளுக்கு நடுவே அவ்வப்போது வெறும் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். கொழுகொழுவென்று.

அவள் விடமாட்டாள். கட்டைவிரலால் தண்டைத் தடவிக்கொண்டே இறங்குவாள். கணு தட்டுப்பட்டதும் விரல் நிற்கும்.

அதற்கு மேலே, டக்கென்று ஒரு கிள்ளு. கிள்ளியதைக் கவிழ்த்த தொட்டி மேல் குவித்துவைப்பாள்.

"பாவம் பாத்தா இந்தப் பச்சைத் தடியன் மத்ததையெல்லாம் முழுங்கிருவான்" என்பாள். சொல்லிவிட்டு அவரை ஒரு பார்வை பார்ப்பாள்.

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

டிசம்பர் உறைபனியில் செடிகள் தரையோடு கருகின. அதே வாரம் அவளும் போனாள்.

மார்ச்சில் செடிகள் வேரிலிருந்து திரும்பி வந்தன. பனி தாங்கும் சாதி.

தொட்டி மேல் துளிர்க் குவியலும் திரும்பி வந்தது. ஒவ்வொரு காம்பிலும் பிறை போல நகத் தடம்.

தோட்டக்காரர் வேலை என்று நினைத்தார். தோட்டக்காரரோ மகள் பிரசவத்துக்கு மேட்டுப்பாளையம் போனவர், இன்னும் வரவில்லை. அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை. கோப்பை வருகிற நேரத்தில் விசாரணை எதற்கு?

நடுவர் அம்மாள் குனிந்து பார்த்தார்.

"ஒரு பச்சைக் கிளைகூடக் காணோமே. யார் கை சார் இது?"

"நம்ம கைதாம்மா. விடிஞ்சதும் ஒரு சுத்து. விரலுக்குன்னு ஒரு ஞானம் இருக்கு பாருங்க, அது எல்லாருக்கும் வந்துடாது."

"மேடம்தான் பாத்துப்பாங்கன்னு சொன்னாங்களே."

"இந்திராணியா? தண்ணி ஊத்துவா, பாவம்."

அம்மாள் தலையாட்டிவிட்டு மற்ற நடுவர்களோடு முன்னால் நடந்தார். மூடுபனி அவர்களைப் பாதி மறைத்தது.

அவர் காலரைப் பின்னாலிருந்து ஏதோ பற்றியது.

டக்.

கிளை மாட்டியிருக்கும். திரும்பினார். செடிகள் எட்டத்தில் இருந்தன.

சற்று முன் அவர் காலி செய்த தொட்டியின் மேல் ஒரு பச்சை நூல்.

சில்லென்று ஒரு கட்டைவிரல் அவர் பின்மண்டைக்குக் கீழே பதிந்தது. அவசரமே இல்லாமல் கழுத்தெலும்பைத் தடவிக்கொண்டு இறங்கியது.

"சார், வர்றீங்களா?" பனிக்குள்ளிருந்து அம்மாளின் குரல்.

அவ வெச்ச செடிதாம்மா எல்லாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

விரல் நின்றது.