கம்பியில் தொங்கும் அட்டை

தகரக் கூரையில் மழை இரைகிறது. டாலிகஞ்சில் வீட்டுமனை கேட்டு வந்திருக்கும் செலின், நனைந்த குடையைக்கூட மடக்காமல் குமாஸ்தா கோவிந்தராஜின் கையையே பார்த்து நிற்கிறாள். மனைக்குத் தகுதியானவர்களின் அட்டையில் ஓரத்துத் துளையை வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். அட்டைக் கட்டின் துளைகளில் நீளக் கம்பியைக் கோத்துத் தூக்கினால் அந்த அட்டைகள் மட்டும் கழன்று விழும். விழுந்த பெயர்கள்தான் பட்டியலில் ஏறும். அவர் தூக்குகிறார், பொத்பொத்தென்று சில விழுகின்றன. துளை வெட்டியிருந்தும் அவளுடையது மட்டும் பக்கத்து அட்டையோடு ஒட்டிக்கொண்டு தொங்குகிறது.

"உன் பேர் விழலியேம்மா. அடுத்த வருஷம் பாப்போம்."

"அரே, நீங்கதானே சார் வெட்டினீங்க! ஈரத்துல ஒட்டிக்கிச்சு. ஜரா ஆட்டுங்க, கொஞ்சம் போதும்."

"ஆட்டறதுக்கு இது என்ன தொட்டிலா?"

வரிசை சிரிக்கிறது. ஜங்லிகாட்டில் கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே அறையில் முடங்கிக் கிடக்கும் செலினுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு வருஷமா? சட்டென்று மேசைமேல் குனிந்து, ஈர விறகடுப்பை ஊதுவதுபோல் கன்னம் உப்ப ஊதுகிறாள். அட்டை நடுங்குகிறது, விலகுகிறது, விழுகிறது. கோவிந்தராஜ் பேனாவைத் திறக்கிறார். பின்னால் நிற்கும் அன்னம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள்.

"போயிடாத செலினு! எனக்கும் ஒரு ஊது ஊதிட்டுப் போ."