கூரையில்லாத ஞாயிறு

ஞாயிறு காலை ரூபவதியும் சபையாரும் ஆராதனைக்கு வந்தபோது ஜெபவீட்டின் கூரைத் தகடுகள் தெருவில் கிடந்தன. பிரித்துப் போட்டவர்கள் எதிரிலேயே நின்றார்கள். "இனி இங்க பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாது" என்றான் ஒருவன்.

போதகர் வேதாகமத்தை ரூபவதியிடம் நீட்டி, தணிந்த குரலில், "'கர்த்தர் என் மேய்ப்பர்'ங்கிற சங்கீதத்தை வாசிம்மா, மனசு ஆறும்" என்றார்.

ரூபவதி வேறு பக்கத்தைப் புரட்டினாள். "ஆற வேண்டாம் ஐயா. ஏன் தூங்குறீர்னு ஆண்டவரையே அதட்டுற சங்கீதம் ஒண்ணு இருக்கே, அதை வாசிக்கிறேன்."

கூரை போன இடத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்துக் கத்தி வாசித்தாள். என்றோ எவனோ ஒருவன் இதே கோபத்தில் கத்தியிருக்கிறான். அந்தக் கத்தலையும் வேதத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பு அவளை நிமிர்த்தியது.

முடித்ததும், வெயில் விழுந்த தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"பாட்டை ஆரம்பிங்க ஐயா."